வரையாடுகள் நனையக் கூடாது

வெள்ளம் இருவகைப்படும். ஒன்று வருவது, மற்றொன்று வராதது. எங்கள் தஹ்பான் ஆற்றில் இவ்விரண்டும் வேளாண்மையின் இரு பருவங்களாகும். முன்னது விதைப்பதற்கும், பின்னது ஒருவரையொருவர் குறை கூறுவதற்கும் பயன்படுகின்றது. ஆண்டின் பெரும்பகுதி அவ்வாற்றில் மணலே ஓடும். கோடையின் இறுதியில் மேற்கு மலைகளில் மழை பொழிந்தால், ஒரு பிற்பகலில் வெள்ளம் இறங்கி வந்து, எவன் வாய்க்கால் திறந்திருக்கிறதோ அவன் நிலத்தில் நுழைந்து, மாலைக்குள் கிழக்கிலுள்ள பாலையில் மறைந்துவிடும். அதனை நாளை வரச் சொல்ல இயலாது.

மப்கூத் என்னும் உழவனின் வாய்க்காலுக்கு ஆற்று நீர் நுழைய ஒரே ஒரு வாய் உண்டு. அவ்வாயின் ஓரத்தில் ஆளுயரக் கல் ஒன்று நின்றது. அக்கல்லின் விளிம்பில் செதுக்கிய வரையாடுகள், பின்வளைந்த கொம்புகளும் மடித்த முழங்கால்களுமாக, ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன. கல்லின் நடுவில், எங்களில் எவரும் வாசித்தறியாத பழைய எழுத்துகள் சில வரிகள் இருந்தன. அவற்றை எழுதியவர்கள் பழைய மாரிப் நகரின் பேரணையைக் கட்டியவர்களுக்கு உறவினராக இருக்கக்கூடும். எங்களுக்கோ அக்கல் ஓர் அளவுகோல். வயலில் நீர் ஏறி, மிகக் கீழே படுத்திருக்கும் வரையாட்டின் வாயைத் தொட்டால் மப்கூதின் பங்கு நிறைந்தது என்று பொருள். அப்போது கரையில் நிற்பவர் “ஆடு குடிச்சாச்சு” என்று கூவுவார். உடனே கீழ்மடை வெட்டப்படும். எஞ்சிய நீர் கீழ்நிலத்துக்காரனும் மப்கூதின் பங்காளியுமான ஷாயிஃபின் வயலுக்குப் போகும். ஆடு குடித்ததா இல்லையா என்னும் வினாவினால் எங்கள் ஊரில் சில மண்டைகள் உடைந்ததும், சில திருமணங்கள் நின்றதும், நின்ற திருமணங்கள் மீண்டும் நடந்ததும் உண்டு.

இது இவ்வாறிருக்க, மாவட்டத் தலைநகரில் தொன்மைக் கற்கள் பேணல் பணியகம் திறக்கப்பட்டது. அதற்குக் கட்டடம் இருந்தது; கொடிக்கம்பம் இருந்தது; முத்திரை, வாயிற்காவலர், வாயிற்காவலர் உறங்கும்போது விழித்திருக்க ஒரு துணைக்காவலர் ஆகிய அனைத்தும் இருந்தன. கல் மட்டும் இல்லை. அருகிலிருந்த கற்கள் யாவும் பிற பணியகங்களுக்கு உரியனவாக இருந்தன, அல்லது களவு போயிருந்தன. களவு போனவற்றைப் பேணுவதற்குத் தனிப் பணியகம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. எனவே, எங்கள் ஊர் வழியாகச் சென்ற சாலை அளவையாளர் ஒருவர் வரையாட்டுக் கல்லைப் பற்றி ஓர் உணவுக் கடையில் பேசியதைக் கேள்வியுற்ற மறுநாளே, பணியகத்தின் இயக்குநர் உஸ்தாத் முத்தஹ்ஹர் வாய்க்கால் கரையில் வந்திறங்கினார். நாட்டின் தலைநகரான ஸனாவில் பிறந்தவர், இடுப்பில் வளைகத்தியும் அதற்கு மேல் கோட்டும் அணிந்தவர். அவருக்குக் குடை பிடித்தபடி, கல்வெட்டு வாசிப்பாளர் அனீஸ் உடன் வந்தார்.

இயக்குநர் கல்லைச் சுற்றி வந்தார்.

“இந்த ஆடுங்க யாரோடது?”

“கல்லோடது, உஸ்தாத்” என்றான் மப்கூத்.

“கல்லு யாரோடது?”

“தண்ணியோடதுன்னு வச்சுக்கங்க.”

“தண்ணி யாரோடது?”

“அது வந்தப்புறந்தான் தெரியும்.”

கீழ்நிலத்திலிருந்து ஷாயிஃப் ஏறி வந்தான். கேளாத வினாவுக்கும் விடை தருவது அவன் இயல்பு. “உஸ்தாத், கீழ படுத்திருக்கே, அந்த ஆட்டத்தான் நீங்க பாக்கணும். அது குடிச்சாத்தான் எனக்குத் தண்ணி. போன வருஷம் குடிக்கவே இல்ல, சனியன்.”

இயக்குநர் குனிந்து அந்த ஆட்டின் வாயைப் பார்த்தார். “கல்லு ஆடு குடிக்குமா?”

“நல்ல வெள்ளம் வந்தா குடிக்கும்.”

“நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“பாக்காம? கரையிலயே நிப்பேன். குடிச்ச உடனே கத்துவேன்.”

“எதுக்குக் கத்தணும்?”

“கத்தாட்டி இவன் மடையத் தொறக்க மாட்டான், உஸ்தாத். இவன் என் பங்காளி. இவனப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“எழுதிக்கோ அனீஸ்” என்றார் இயக்குநர், தாழ்ந்த குரலில். “ஜனங்க கல்லுக்குத் தண்ணி புகட்டுறாங்க. அது குடிக்குதுன்னு நம்புறாங்க. குடிச்சதும் கூட்டமா கத்துறாங்க.”

“கூட்டமா இல்ல, உஸ்தாத். நான் ஒருத்தன்தான்” என்றான் ஷாயிஃப்.

“தலைவன் இவன்தான்னும் எழுதிக்கோ.”

பணியகத்தின் ஆணை விரைவில் வந்தது. கல்லுக்கு நீர் புகட்டும் வழக்கத்தால் இருவகைத் தீங்கு விளைவதாக அதில் விளக்கப்பட்டிருந்தது: மார்க்கத்துக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. வரையாடுகள் மீது இனி ஒரு துளி நீரும் படலாகாது. சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிய வண்டி ஆணைக்கு முன்னரே வந்துவிட்டிருந்தது. கொத்தர்கள் கல்லின் ஆற்றுப்புறமாகச் சுவர் எழுப்பினர். கல் வாயின் ஓரத்தில் நின்றமையால், சுவர் வாயின் குறுக்கே நின்றது.

மப்கூத் மாவட்டத் தலைநகருக்கு நடந்து சென்றான். இயக்குநர் அவனை அமரச் செய்து, காப்பிக்கொட்டைத் தொலியில் காய்ச்சிய பானம் வரவழைத்தார்.

“உஸ்தாத், வாய அடைச்சுட்டீங்க. என் நிலத்துக்குத் தண்ணி எப்படி வரும்?”

“உங்க நிலத்துக்கு வர்ற தண்ணிய நாங்க தொடவே இல்ல, மப்கூத். கல்லு மேல படுற தண்ணியத்தான் தடுக்குறோம்.”

“ரெண்டும் ஒரே தண்ணிதானே?”

“அது நீர்வளத் துறையோட விஷயம். அதுல நாம தலையிட்டா மரியாதையா இருக்காது.”

“வெள்ளம் வந்தா சுவத்துல முட்டுமே?”

“அதுக்கும் ஏற்பாடு பண்ணியாச்சு” என்றார் அனீஸ். “மேல ஆத்துக்குள்ள பலகை ஒண்ணு நட்டிருக்கோம். ‘பாதுகாக்கப்பட்ட பகுதி. நீர் நுழையத் தடை.’ எழுத்து மேற்கப் பாத்து இருக்கு.”

“மேற்க யாரு இருக்கா?”

“வெள்ளம் அங்கேருந்துதானே வருது?”

மப்கூத் அவர் முகத்தை நெடுநேரம் நோக்கினான். அதில் நகையின் அறிகுறி எதுவும் இல்லை. அன்று அவன் திரும்புகையில், கல்லின் காவலனாக நியமிக்கப்பட்டிருந்தான். அதன் அடையாளமாக அவன் கழுத்தில் கயிறு கட்டிய விசில் ஒன்று தொங்கியது. நீர் கல்லை நெருங்கினால் அதனை ஊதுதல் அவன் கடமை. ஊதிய பிறகு நீர் என்ன செய்ய வேண்டும் என்பது குறிப்பிடப்படவில்லை.

அவன் மனைவி லுத்ஃபிய்யா விசிலைப் பார்த்தாள். “ஒட்டகத்துக்கு மணி கட்டுவாங்க, பாத்திருக்கேன்” என்றாள். பிறகு அடுப்பை நோக்கித் திரும்பிக்கொண்டாள். பானையின் அடியில் சென்ற ஆண்டுச் சோளம் கொஞ்சமே கிடந்தது.

மேகங்கள் மேற்கில் சேரத் தொடங்கின. மப்கூதுக்கு எஞ்சியிருந்தது ஒரே வழி. ஒருவருடைய வாயிலில் விலங்கை அறுத்துவிட்டால், அறுத்தவனின் கோரிக்கையை அவர் மறுத்தல் ஆகாது. இஃது எங்கள் மலைகளில் எல்லா அரசுகளுக்கும் முந்திய சட்டம். கொலைப் பழி தீர்ந்ததும், மண்ணெல்லை மாறியதும் இச்சட்டத்தினால்தான். மப்கூதிடம் அறுப்பதற்கு உழவுக்காளை ஒன்றே இருந்தது.

“காளைய அறுத்துட்டு யார வச்சு உழுவ? என்னையா?” என்றாள் லுத்ஃபிய்யா.

“தண்ணி வராட்டி உழுறதுக்கு என்ன இருக்கு?”

“தண்ணி வந்தா?”

“வந்தா ஷாயிஃபோட காளையக் கேப்பேன்.”

“அவன் கல்லு ஆடு குடிச்சுதான்னே நூறு தடவ கேக்குறவன். காளையத் தருவானா?” என்றாள். ஆயினும் காளையை அவிழ்த்துக் கயிற்றை அவன் கையில் கொடுத்தது அவள்தான். கொடுக்குமுன் அதன் நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

பணியகத்தின் வாயிற்படியில் குருதி வழிந்தது. வாயிற்காவலர் துணைக்காவலரை எழுப்பினார். இயக்குநர் வெளியே வந்து, கீழே கிடந்த காளையையும், கத்தியுடன் தலை குனிந்து நின்ற மப்கூதையும் கண்டு, நெஞ்சில் கை வைத்தார். ஊழியர் அனைவரும் கூடிய பின்னரே அவர் பேசலானார்.

“ஸனாவுல பொறந்தாலும் நானும் ஒரு குலத்துல பொறந்தவன்தான். காளை விழுந்த வாசல்ல ‘மாட்டேன்’ங்கிற வார்த்தைக்கு எடமில்ல. மப்கூத், உங்க கோரிக்கை என்னவா இருந்தாலும் இந்தப் பணியகம் ஏத்துக்கிச்சு. அது என்ன கோரிக்கைங்கிறத மட்டும் நாங்க கூடி முடிவு பண்ணுவோம்.”

கறி வேகும் நேரத்துக்குள் பணியகம் கூடி முடிவெடுத்தது. மப்கூத் கேட்டுக்கொண்டதற்கிணங்க, சுவரின் திறப்பு விழா அவனுடைய நிலத்திலேயே நடைபெறும். பிறகு அனைவரும் உண்டனர். கறி சற்றே முற்றல் என்று துணைக்காவலர் கருதினார். அவ்வளவு ஆண்டுகள் ஏர் இழுத்த காளை அது.

செய்தியைக் கேட்ட ஷாயிஃப் தன் தலைப்பாகையைக் கழற்றி மீண்டும் கட்டினான். “பங்காளி, அவன் வாய்க்குள்ள காளையத் தள்ளிட்டு வந்திருக்க. உன் கறியத் தின்னவன் இனி உன் விருந்தாளி. விருந்தாளி கட்டுன சுவத்த எப்படி இடிப்ப?”

“தெரியும்.”

“தெரிஞ்சா சரி. எனக்கு ஒரு தொடையாச்சும் குடுத்து அனுப்பியிருக்கலாம்.”

விழா நாளில் மேற்கு மலைகள் கண்ணுக்குப் புலப்படவில்லை. கருமேகம் அவற்றை விழுங்கியிருந்தது. மப்கூதின் காய்ந்த வயலில் பந்தல் இட்டு, நாற்காலிகள் பரப்பியிருந்தார்கள். பேசுவோருக்கு உயரமான இடம் வேண்டும் என்பதனால் சுவரின் மேலேயே மேடை அமைக்கப்பட்டிருந்தது. சுவரில் பதித்த பளிங்குப் பலகையில் உஸ்தாத் முத்தஹ்ஹரின் பெயர் விரல் நுழையும் ஆழத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. லுத்ஃபிய்யா பானையைக் கவிழ்த்து, இருந்த சோளமாவு முழுவதையும் களியாகக் கிண்டி விருந்தினருக்கு இட்டிருந்தாள். விருந்தாளி என்று வந்தபின் பானையின் அடியைப் பார்ப்பது எங்கள் வழக்கமன்று.

முதலில் அனீஸ் கல்வெட்டை வாசித்தார். அவர் அதனைச் சரியாகவே வாசித்தார் என்பதைப் பின்னர் வந்த எவரும் மறுக்கவில்லை.

“அம்மிஅனஸ் என்பவன் இந்த வாயை வெட்டினான், தன் நிலத்துக்காகவும், அதற்குக் கீழுள்ள நிலத்துக்காகவும். முதலில் வரையாடுகள் குடிக்கட்டும். பின்னர் மண் குடிக்கட்டும். இந்த வாயை அடைப்பவன் எவனோ, அவன் பெயர் தேய்ந்து போகட்டும்.”

ஷாயிஃப் முழங்கையால் மப்கூதை இடித்தான். “கேட்டியா? அப்பவே ஆடு குடிச்சிருக்கு. அப்பவே கீழ்நிலத்துக்காரன் ஒருத்தன் இருந்திருக்கான். கரையில நின்னு கத்தியிருப்பான், பாவம்.”

மப்கூதின் கண்கள் மேடையின் மேல் இருந்தன. இதைக் கேட்ட பின்பு ஒரு மனிதர் இறங்கி வந்து சுவரை இடிக்கச் சொல்வார் என்று அவன் நம்பினான். அவ்வாறு நம்பியதாகப் பிற்காலத்தில் அவனே கூறினான்.

இயக்குநர் எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

“பெரியோர்களே, இந்தக் கல்வெட்டக் கேட்டதும் எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ‘இந்த வாயை அடைப்பவன்.’ கவனிச்சீங்களா? அப்படின்னா வாயை அடைக்கிற அதிகாரி ஒருத்தர் அந்தக் காலத்துலயே பதவியில இருந்திருக்கார். அவருதான் நம்ம பணியகத்தோட மொத இயக்குநர். சட்டமா போட்டு, கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. ஆனா அவர் பேரு தேஞ்சு போச்சு. நம்ம முன்னோர்களோட பேணல் முறையில இருந்த ஒரே குறை அது. அதனாலதான் என் பேர ஆழமா வெட்டச் சொன்னேன்.”

ஊழியர்கள் கை தட்டினர்.

அந்நேரத்தில் மேற்கே தொலைவில் துப்பாக்கிகள் வெடித்தன. எங்கள் ஆற்றில் வெள்ளத்தின் நுரையை முதலில் காண்பவர் வானை நோக்கிச் சுடுவார். அடுத்த ஊரார் அதனைக் கேட்டுத் தாமும் சுடுவர். இவ்வாறு வெள்ளத்துக்கு முன்பாக வெடியோசை ஊர் ஊராக இறங்கி வரும். இயக்குநர் கையை உயர்த்தினார்.

“போதும், போதும். இந்த மரியாதைக்கெல்லாம் நான் தகுதி இல்லாதவன்.”

அடுத்த ஊரில் சுட்டார்கள்.

“மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜனங்களுக்குக் கூட நம்ம சேவை தெரிஞ்சிருக்கு. சரி, அவங்களுக்காக இன்னும் கொஞ்சம் பேசுறேன்.”

மப்கூத் மேடையின் அடியில் போய் நின்றான். “உஸ்தாத், வெள்ளம் வருது.”

“கேள்வியெல்லாம் கடைசில.”

“கேள்வி இல்ல, உஸ்தாத். வெள்ளம்.”

“கருத்தும் கடைசிலதான், மப்கூத். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு.”

மப்கூத் பந்தலுக்குப் பின்னால் சென்று மண்வெட்டியுடன் திரும்பினான். காவலர்கள் அசையவில்லை, வெட்டித் திறத்தல் விழாவின் ஒரு பகுதி என்று அவர்கள் எண்ணினர். சுவர் புதியது, ஓரத்தில் நான்கு வெட்டு விழுந்தால் பெயர்ந்துவிடும், மீதியை வெள்ளமே பார்த்துக்கொள்ளும். மேற்கிலிருந்து மண் வாசனை வந்தது. அவன் மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்கினான். ஓங்கிய இடத்துக்கு நேர் மேலே உஸ்தாத் முத்தஹ்ஹரின் பாதங்கள் இருந்தன. அவனுடைய காளையைத் தின்றவர். அவனுடைய நிலத்துக்கு வந்தவர். அவன் வீட்டுக் களி இன்னும் விரலில் காயாதவர். விருந்தாளியின் காலடியில் இரும்பை இறக்கியவன் வீட்டில் எங்கள் பக்கத்தில் எவரும் பெண் எடுப்பதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை.

மண்வெட்டி வெகுநேரம் மேலேயே நின்றது. பின்பு இறங்கியது, மெதுவாக, தரையை நோக்கி.

“விசிலையாவது ஊது” என்றாள் லுத்ஃபிய்யா. “வேற எதுக்குத்தான் கட்டி விட்டிருக்காங்க உனக்கு?”

அவன் ஊதினான்.

வெள்ளம் வளைவில் திரும்பியது. பழுப்பு நிறத்தில், வேரோடு பிடுங்கிய இலந்தை மரங்களையும், பணியகத்தின் தடைப் பலகையையும் சுமந்துகொண்டு வந்தது. பலகை எழுத்து மேலாக மிதந்ததனால் அனைவரும் அதனை வாசிக்க முடிந்தது. நீர் சுவரில் மோதியது. இயக்குநரின் கோட்டில் சிறிது சேறு தெறித்தது. பிறகு வெள்ளம் ஆற்றின் நடுவுக்கே திரும்பி, கிழக்கே பாலையை நோக்கி ஓடியது. மப்கூத் ஊதிக்கொண்டே இருந்தான். கன்னங்கள் உப்பி, கண்கள் சிவந்து, நீர் வடியும் வரையில் ஊதினான். சுவரின் மறுபுறத்தில் வரையாடுகள் புழுதி படிந்த வாய்களுடன் வரிசையாகப் படுத்திருந்தன.

“பாத்தீங்களா?” என்றார் இயக்குநர், கூட்டத்தினரிடம். “ஊதினதும் திரும்பிப் போயிருச்சு.”

“ஆடு குடிக்கல, பங்காளி” என்றான் ஷாயிஃப். இம்முறை அவன் குரலில் கேலி இல்லை. அவனுடைய வயலும் காய்ந்துதான் கிடந்தது.

அவ்வாண்டு வேறு வெள்ளம் வரவில்லை. மப்கூதின் விசிலும் மூச்சும் பணியகத்தின் ஆண்டறிக்கையில் தனித்தனியே பாராட்டப்பெற்றன. எங்கள் ஊரில் சோளம் விதைக்கப்படாத வயல்கள் இரண்டு இருந்தன. ஷாயிஃப் தன் காளையை விற்றுவிட்டு, சாலைப் பணிக்குச் சென்று வந்தான். காளையைக் கேட்கவேண்டிய தேவை மப்கூதுக்கு ஏற்படவில்லை.

குளிர்காலத்தில் அனீஸ் கல்லைச் சோதிக்க வந்தார். கீழ் வரையாட்டின் கழுத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தோன்றியிருந்தது. அவர் அதனைத் தடவிப் பார்த்து, மிகுந்த கவலையுடன் திரும்பினார். சிறிது நாளில் புதிய ஆணை வந்தது. ஆண்டுதோறும் நனைந்து பழகிய கல், நனையாமையால் வறண்டு பிளக்கத் தொடங்கியுள்ளது. ஆகவே காவலர் நாள்தோறும் காலையில் அதன்மீது நீர் தெளிக்க வேண்டும். நீர் கல்லின் மேல் மட்டும் பட வேண்டும், நிலத்தில் சிந்தலாகாது. சுவரைப் பற்றி ஆணையில் ஒன்றும் இல்லை. அது பேணப்பட்ட சுவர் ஆகிவிட்டிருந்தது.

மப்கூத் ஊர்க்கிணற்றில் நீர் இறைத்து, கழுதையின் இருபுறமும் தோற்பைகளில் ஏற்றி, தன் வயலின் நடுவே நடந்து கல்லை அடைவான். கிணற்று நீர் வீட்டுக்குப் போதுமானது; ஒரு வயலுக்குப் போதாது; ஒரு கல்லுக்குப் போதும். அவன் உள்ளங்கையில் அள்ளி ஆடுகளின் மீது தெளிப்பான். மேலே உள்ளதிலிருந்து தொடங்கிக் கீழே உள்ளதில் முடிப்பான்.

கல்லின் அடியில் ஒரு நாள் சோள முளை ஒன்று தலை நீட்டியது. எந்த ஆண்டின் விதையோ தெரியவில்லை. மப்கூத் அதனை எவரிடமும் கூறவில்லை. அதன்பின் நாள்தோறும் கடைசி ஆட்டின் மீது தெளிக்கும்போது கொஞ்சம் நீர் தவறிக் கீழே விழுந்தது. முளை முழங்கால் உயரம் வளர்ந்தது. லுத்ஃபிய்யா ஒருமுறை வந்து, அதன் அருகில் குந்தி, இலையைத் தொடாமல் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த சோதனைக்கு வந்த அனீஸ் அதனைக் கண்டார். “வேர் கல்லுக்குள்ள போயிடும், மப்கூத். மன்னிக்கணும்” என்றார். உண்மையாகவே வருந்தினார். வேர் அறுந்துவிடாமல் பக்குவமாகப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, இரு கைகளாலும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மப்கூத் அதனைக் கழுதைக்குப் போட்டான். பின்னர் தோற்பையை அவிழ்த்து, வழக்கம்போல் தெளிக்கத் தொடங்கினான். சாலைப் பணிக்குப் புறப்பட்ட ஷாயிஃப் கரையில் நின்றான். இருவருக்கும் இடையே வெடித்துக் கிடந்தது வயல்.

“என்ன பங்காளி” என்று கூவினான் ஷாயிஃப். “ஆடு குடிச்சாச்சா?”

கீழ் வரையாட்டின் வாயிலிருந்து ஒரு துளி வடிந்து, கல்லிலேயே உலர்ந்தது. மப்கூத் அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆடு மட்டும் குடிச்சாச்சு” என்றான்.